போர்டில் என்ன எழுதுவது

மே 18, 2025, ஞாயிறு

நேற்று சாயங்காலம் அடித்த காற்றில் கடை போர்டு கீழே வந்துவிட்டது. நல்லவேளை, யார் தலையிலும் விழவில்லை. அப்பாவின் மொபெட் மேல் சாய்ந்து நின்றுவிட்டது. தகரம் நடுவில் மடங்கி 'டோ' ஒரு பக்கம், 'நட்' ஒரு பக்கம்.

புதுசு எழுத வேண்டும். எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம்: நாங்கள் நிஜமாகவே டோநட் கடைதானா? இரண்டு வருஷமாகக் கணக்கு நோட்டு என் கையில்தான் இருக்கிறது. 100 ரூபாய் வியாபாரம் என்றால் அதில் டோநட் 17 ரூபாய். கடை வாடகையைக் கட்டுவது டீயும் தேங்காய் பன்னும்தான். ஆனால் கிருஷ்ணகிரியில் எங்கள் சந்துக்கு வழி கேட்டால் "டோநட் கடைக்கு அடுத்த வீடு" என்றுதான் சொல்வார்கள்.

"பேக்கரி, டீ ஸ்டால்னு பொதுவா எழுதிடலாமாப்பா?" என்றேன். ராத்திரி சாப்பாடு வரைக்கும் பேசவில்லை.

மே 21, புதன்

பரண்மேல் இருந்த ட்ரங்குப் பெட்டியை இறக்கினேன். அப்பாவின் பழைய கணக்கெல்லாம் தினக்காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான். கிழித்த தாளைக் கம்பியில் குத்தி வைப்பார். முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் பால் பாக்கி.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது 2004. அந்த வருஷம் பிப்ரவரி 9-ஆம் தேதிதான் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. பெங்களூருவில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்த அப்பா, "கலெக்டர் ஆபீஸ் வருது, ஊர் பெருசாகும்" என்று வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஊர் பெருசானது உண்மை. எங்கள் சந்துதான் அதே அகலத்தில் இருக்கிறது.

முதல் நாலு மாதத் தாள்களில் டோநட் என்ற பேச்சே இல்லை. டீ, பன், வறுக்கி, பன், டீ. அப்புறம் ஆடி மாசத்துத் தாள் ஒன்றில் திடீரென்று 'இ.வ. 12, மீதி 9'. மறுநாள் 'இ.வ. 12, மீதி 10'. அது என்ன இ.வ. என்று கேட்டேன்.

"இனிப்பு வடை. டோநட்னு சொன்னா யாருக்குத் தெரியும்? ஓட்டை இருக்குல்ல, வடைன்னே சொல்லி வித்தேன்."

மீதி 9, மீதி 10, மீதி 8. ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போகிறது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் தினமும் காலையில் என்ன பலகாரம் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது ஏன் என்பதுதான் இன்றைக்குத் தெரிந்தது.

மே 25, ஞாயிறு

இன்று அப்பாவோடு நானும் நாலு மணிக்கே எழுந்துவிட்டேன். எழுதுகிறவள் ஒரு தடவையாவது முழுசாகப் பார்க்க வேண்டாமா?

மைதா, பால், சர்க்கரை, முட்டை, வெண்ணெய், ஈஸ்ட். பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவிடுகிறார். மார்கழியில் ஒன்றரை மணி நேரம் எடுக்கும் மாவு, இந்த வெயிலுக்கு முக்கால் மணியில் பொங்கிவிடுகிறது. அசந்தால் புளித்துக் கள் வாசம் வரும், பொரித்தால் எண்ணெய் குடிக்கும். அதனால் மே மாதம் பாலைக் குளிரவைத்துத்தான் ஊற்றுகிறார்.

பொங்கின மாவைத் தட்டி, விரல் தடிமனுக்குத் தேய்த்து, எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து ஓர் அமுக்கு. வட்டம் வருகிறது. நடுவில் ஓட்டை போடுவது இருமல் மருந்து பாட்டில் மூடி. சின்ன வயதில் நான் குடித்துத் தீர்த்த மருந்தாம். இருபது வருஷமாக அதே மூடி, விளிம்பெல்லாம் மழுங்கியிருக்கிறது. போன வருஷம் நான் வாங்கிக் கொடுத்த கட்டர் பிரிக்காத கவரோடு ஆணியில் தொங்குகிறது.

வெட்டியதை இன்னொரு தடவை பொங்கவிட்டு, அப்புறம்தான் வாணலி. 180 டிகிரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்பா ஒரு விரல்நுனி மாவைக் கிள்ளிப் போடுகிறார். அடியில் போய், உடனே சீறிக்கொண்டு மேலே வந்தால் சரி. திருப்பிப் போட்டதும் இரண்டு பக்கமும் சிவந்து, இடுப்பில் மட்டும் அரைஞாண் கட்டின மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. மாவு நன்றாகப் பொங்கி லேசாக இருந்தால்தான் மிதக்கும், மிதந்தால்தான் அந்தக் கோடு வரும். அது இல்லாத டோநட்டை அப்பா ஷோகேஸில் வைக்க மாட்டார்.

ஓட்டை எதற்கு என்று கேட்டதற்கு, "வடைக்கு எதுக்கோ அதுக்குத்தான். நடு வேகணும்ல?" என்றார்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. நாலரை மணிக்குக் கடை முன்னால் செருப்பு வைக்க இடமில்லை. பிள்ளைகள் வாங்குவது டோநட் இல்லை, நடுக்குண்டு. ஓட்டைக்கு வெட்டியெடுத்த சின்ன உருண்டையைத் தனியாகப் பொரித்துச் சர்க்கரையில் புரட்டினது, ஒன்று இரண்டு ரூபாய். என் கணக்கில் இது எந்த வரியிலும் இல்லை. கல்லாவுக்கே போகாமல் அப்பாவின் சட்டைப் பைக்குப் போய், அங்கிருந்து ஈஸ்ட் வாங்கப் போய்விடுகிறது. அந்த 17 ரூபாயை 20 என்று திருத்த வேண்டியிருக்குமோ?

பெரியவர்கள் வியாபாரம்தான் மந்தம். வழக்கமாக இந்தச் சீசனில் மாங்காய் லோடு ஏற்றிவிட்டு வருகிறவர்கள் வீட்டுக்கு ஆறு, எட்டு என்று கட்டிக்கொண்டு போவார்கள். இந்த வருஷம் பெங்களூரா மாங்காய்க்கு விலையே இல்லை. டீயோடு எழுந்துவிடுகிறார்கள். தோப்பில் விலை விழுந்தால் எங்கள் கல்லாவில் சத்தம் கேட்கும்.

ஜூன் 6, வெள்ளி

இன்று அமெரிக்காவில் டோநட் நாளாம். முதல் உலகப்போரில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பெண்கள் பிரான்ஸில் போர்முனைக்குப் பக்கத்திலேயே சிப்பாய்களுக்கு டோநட் பொரித்துக் கொடுத்தார்கள். அதை நினைத்து 1938-லிருந்து ஜூன் முதல் வெள்ளிக்கிழமை கொண்டாடுகிறார்கள். அப்பாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. அவருக்குப் பிடித்தது ஹான்சன் கிரிகோரி கதை. 1847-ல் கப்பலில் வேலை பார்த்த பையன். அந்தக் காலத்து டோநட்டுக்கு ஓட்டை கிடையாது, ஓரம் வெந்து நடு வேகாமல் கிடக்கும். மிளகுத்தூள் டப்பா மூடியை எடுத்து நடுவில் வெட்டினது தான்தான் என்று வயதான காலத்தில் பத்திரிகைக்காரரிடம் சொன்னாராம்.

"மூடிதானா?" என்று இரண்டு தடவை கேட்டார் அப்பா. எழுந்து போய் இருமல் மருந்து மூடியைக் கழுவித் துடைத்து வைத்தார்.

வயதானவர்கள் சொல்லும் கதையில் எவ்வளவு தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனால் என்னிடம் காலண்டர் தாள் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் புரட்டினேன். ஐப்பசியில் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால்: 'இ.வ. 40, மீதி இல்லை'. பக்கத்தில் ஒரு டிக், அதன்மேல் இன்னொரு டிக்.

ஜூன் 15, ஞாயிறு

போர்டு எழுத ஆள் வந்தார். பிளெக்ஸ் வேண்டாம், பெயின்ட்தான் என்று அப்பா பிடிவாதம். 'டோநட் கடை' என்றே சொல்லிவிட்டேன், கீழே சின்னதாக 'டீ, தேங்காய் பன்'. 'டோநட்டா, டோனட்டா?' என்று அவர் கேட்க, இரண்டு சுழி வந்தால் பெயின்ட் ஜாஸ்தி ஆகும் என்றார் அப்பா. யோசித்து வைத்த மாதிரி.

ஓரத்தில் ஒரு படமும் போட்டார் பெயின்டர். பழுப்பு வட்டம், மேலே சர்க்கரைப் புள்ளி. நன்றாகத்தான் இருந்தது. அப்பா ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஓட்டை சின்னதா இருக்குப்பா. நடு வேகாது."

பெயின்டர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் மூடியை எடுத்துவந்து கொடுத்தேன்.