டிஸ்க் வரும் வரை

நவம்பர் 4
நான் எடுத்த படமெல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்கைக் கடைக்காரர் காதில் வைத்துக் கேட்டார். டிக், டிக். "ஹெட் போயிருக்கு சார். பத்து நாள் ஆகும்."

நவம்பர் 5
ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 7
தூக்கம் வராமல் மறுபடி நடராஜ முதலியார், தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' எடுத்தவர். 1917, கீழ்ப்பாக்கத்தில் ஸ்டுடியோ. கூரைக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணி. அதில் வடிகட்டி இறங்கும் வெயில்தான் லைட்டிங். கேமராவைக் கையால் சுற்ற வேண்டும், நொடிக்கு 16 ஃபிரேம். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கும் 16 ஃபிரேம்தான். அப்படியானால் ஒரு நொடி, ஓர் அடி. 'கீசக வதம்' 6,000 அடி. நூறு நிமிடம். அதில் ஓர் அடிகூட இன்று இல்லை. செலவு 35,000 ரூபாய் என்பது வரை தெரிகிறது, படம் இல்லை. டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டராக இருந்த அண்ணாச்சியை எடுத்ததில் என்னிடமும் இப்போது ஷாட் நோட்டுதான்: "மூன்றாம் நாள், அண்ணாச்சி, கார்பன், 22 நிமிடம். நன்று."

நவம்பர் 8
அண்ணாச்சி போன். எடுக்கவில்லை.

நவம்பர் 9
மறுபடி. எடுத்தேன். "தம்பி, நான் பொடி போடுத எடத்த வெட்டிருங்க. மவ பாத்தா வைவா." வெட்டிட்டேன் அண்ணாச்சி என்றேன். பொய்யில்லை.

நவம்பர் 12
எடுத்த ஃபிலிமைக் கழுவ முதலியார் வாராவாரம் பெங்களூர் போனார். அங்கே குளிர்ச்சி. அந்தப் பெட்டியை ரயிலில் மடியிலேயே வைத்திருந்திருப்பார். நான் டிஸ்கை பைக் டேங்க் கவரில் போட்டு வந்தேன். அந்த வேகத்தடை. இன்னொரு டிஸ்க் 6,000 ரூபாய் என்று வாங்காமல், அந்தப் பணத்தை லென்ஸ் வாடகைக்குக் கொடுத்தேன். அதே 6,000. நல்ல லென்ஸ்தான்.

நவம்பர் 13
அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸில் புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகள் எரிய எரியத் தேயும். நடுவிலுள்ள இடைவெளியைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் திரை மங்கும், விசில் பறக்கும். அதைத்தான் அண்ணாச்சி இரண்டு ஆள்காட்டி விரல்களால் காட்டினார், தொடாமல், ஆடாமல். 79 வயது. மறுபடி எடுத்துக்கலாம் என்கிறான் எடிட்டர். கேட்டால் செய்வார்தான். அன்று விரல் தானாக எழுந்தது. இனி எனக்காகச் செய்வார்.

நவம்பர் 15
கடை பூட்டு.

நவம்பர் 18
214 கோப்புகளில் 61. பெயரெல்லாம் போய் வெறும் எண்கள். முதலில் திறந்தது பொடி மட்டை. ஒரு சிட்டிகை எடுத்து மூக்கு வரை கொண்டுபோகிறார், அங்கேயே நின்றுவிட்டது.

மீதி திங்கட்கிழமை என்கிறார்கள்.