சாலிடரைச் சுரண்டிய மதியம்

மதுரை திருநகர் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னைக்கும் நடுவே 14 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்கு டைபோல் ஆன்டெனா கட்டி ஐந்து வாரம் ஆகிறது. மொத்தம் பத்து மீட்டர் கம்பி. ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் இன்னும் வரவில்லை. அதுவரை கேட்பதோடு சரி.

பழகத் தோதானவை பீக்கன்கள்: அலை எங்கெல்லாம் எட்டுகிறது என்று காட்டத் தானாகவே குறி அனுப்பும் நிலையங்கள். உலகில் 18 இடங்களிலிருந்து, 14.100 மெகாஹெர்ட்ஸில் ஒன்று முடிந்ததும் அடுத்தது, ஆளுக்குப் பத்து விநாடி. மோர்ஸில் அழைப்புக்குறி, பிறகு நான்கு நீளக் கோடு: 100 வாட், 10, 1, 0.1. மேற்கு ஆஸ்திரேலியாவின் மூன்றாவது கோடு கேட்ட அன்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இந்தச் சத்தத்துக்கா வெயில்ல காஞ்ச?" என்றார்.

போன ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்கு பேண்ட் (அந்த அலைவரிசை) மொத்தமாக அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரின் உறுமல் மட்டும் பழையபடி வந்தது. ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். நானோ மாடியேறி, நடு இணைப்பின் சாலிடரைச் சுரண்டி மறுபடி பற்றவைத்தேன். பலனில்லை. பல வருடமாக ஹாம் செய்யும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, மொதல்ல கீழ எறங்கு. சூரியன்ல வெடிச்சிருக்கு. 28-ஐக் கேளு, அங்கதான் முதல்ல உயிர் வரும்."

அப்படியே நடந்தது. அதே பீக்கன்கள் 28.200, 21.150-இலும் ஒலிக்கும். ஒன்று பத்துக்கு 28.200-இல் மெல்லிய கோடு. கொஞ்ச நேரத்தில் 21.150, 14.100 திரும்ப ஒன்றே முக்கால் ஆனது.

இரவு சூரியனின் எக்ஸ்ரே வரைபடத்தைப் பார்த்தேன்: எக்ஸ் வகுப்பு, அதாவது மிகப் பலமான வகை வெடிப்பு. அந்தக் கதிர் எட்டு நிமிடத்தில் பூமிக்கு வந்து, வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்குகளில் கீழேயுள்ள, 60 முதல் 90 கிலோமீட்டர் உயர டி அடுக்கை அடர்த்தியாக்கிவிடுகிறது. மேலேயுள்ள எஃப் அடுக்கில் பட்டுத் திரும்ப வேண்டிய அலையை இது வழியிலேயே விழுங்குகிறது. அலைவெண் குறையக் குறைய விழுங்கலும் அதிகம். அதனால்தான் 14 கடைசி. சூரியன் உச்சியில் நிற்கும் இடத்துக்கு அடி பலம். சித்திரை பிறந்த இந்த நாட்களில், நண்பகலில் மதுரைக்கு அது நேர் தலைக்கு மேல்!

சூரியனைத் திட்டவும் முடியாது. பதினோரு வருடச் சுழற்சியில் கரும்புள்ளிகள் பெருகும்போதுதான் எஃப் அடுக்கு வலுத்து 28 திறக்கிறது. 2019 டிசம்பரில் தொடங்கிய 25-ஆம் சுழற்சி புண்ணியத்தில்தான் எனக்கு 28-இல் ஏதாவது கேட்கிறது. வெடிப்பும் பெரும்பாலும் அந்தப் புள்ளிகளின் பக்கத்திலிருந்துதான்.

இனி பேண்ட் அடங்கினால் முதலில் இன்வெர்ட்டர் உறுமல், அடுத்து 28, அப்புறம்தான் ஏணி. ஆனால் இந்த வாரமே ஒருமுறை ஏற வேண்டும். அவசரத்தில் வைத்த புது சாலிடர் பழையதைவிட மோசம், காற்றடித்தால் கரகரக்கிறது.