எஃப் இல்லாத ஐ5: ஒரு லட்சத்துக்குள் எடிட்டிங் சிஸ்டம், இதுவரை

4கே, 50 ஃப்ரேம், 10 பிட் 4:2:2 (நிறத் தகவல் கூடுதலாக உள்ள பதிவு), ஹெச்.265 சுருக்கம். இரண்டு கேமரா ஃபைல், மல்டிகேம் சீக்வென்ஸ், ப்ராக்சி (எடிட்டுக்கான சின்ன நகல்) கிடையாது. பிரீமியரில் ஸ்பேஸ்பாரைத் தட்டியதும் ஓடுகிறது. முன்னும் பின்னும் இழுத்தாலும் படம் உறையவில்லை. சிபியு கிராஃப் பாதியைக்கூட எட்டவில்லை. மானிட்டரும் யூபிஎஸ்ஸும் நீங்கலாக ஒரு லட்சத்துக்குள் என்று கோடு போட்டுச் சேர்த்த சிஸ்டத்தில் இது நடக்கிறது என்பதால்தான் வேலை முடியும் முன்னாலேயே எழுதுகிறேன்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கல்யாணம் எடுப்பவர்களுக்கு 10 பிட் ஏன் என்று சொல்லத் தேவையில்லை. செட்டிநாட்டு வீட்டு முற்றமான வளவு நடுவில் உச்சி வெயில் கொட்டும், சுற்றுப் பத்தியில் இருட்டு, பொண்ணும் மாப்பிள்ளையும் இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள். 8 பிட்டில் எடுத்தால் முற்றம் வெளுத்துப் போகும், இல்லாவிட்டால் முகம் கறுத்துப் போகும். லாக் ப்ரொஃபைலில் (வெளிச்சமும் நிழலும் தங்கும்படி தட்டையாகப் பதியும் முறை) 10 பிட் எடுத்தால் இரண்டையும் கலரில் மீட்டுவிடலாம். சிக்கல் அந்த ஃபைலைத் திறக்கும் சிஸ்டத்தில்தான் ஆரம்பிக்கிறது.

கடையில் போய் நின்றால் எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: "எடிட்டிங்னா கிராஃபிக்ஸ் கார்டுதாண்ணே முக்கியம். ப்ராசசர்ல எஃப் போட்டுக்குங்க, ரெண்டாயிரம் மிச்சம்." எஃப் என்பது உள் கிராஃபிக்ஸ் முடக்கிய இன்டெல் மாடல். கேம் விளையாடும் பையனுக்கு அது சரியான யோசனை. 4:2:2 எடிட் செய்பவர்களுக்கு அந்த மிச்சம்தான் பெரிய நஷ்டம். என்விடியா கார்டுகளில் 40 சீரிஸ் வரைக்கும் 4:2:2 டிகோட், அதாவது சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் வேலை, ஹார்ட்வேரில் இல்லை. 40,000 ரூபாய் கார்டு போட்டாலும் அந்த ஃபைலை சிபியுதான் மூச்சு முட்டப் பிரிக்கும். இன்டெலின் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ், டெஸ்க்டாப்பில் 11-வது தலைமுறையிலிருந்து ஹெச்.265 4:2:2 10 பிட்டை ஹார்ட்வேரிலேயே பிரிக்கிறது. க்விக் சிங்க் என்பது இதுதான். எஃப் மாடலில் அந்த கிராஃபிக்ஸே முடக்கப்பட்டிருக்கும்.

அதிலும் ஒரு நுணுக்கம். ஐ5 மாடல்களில் 12400, 13400, 14400 மூன்றிலும் உள் கிராஃபிக்ஸ் யூஹெச்டி 730, வீடியோவைப் பிரிக்கும் மீடியா எஞ்சின் ஒன்று. 12500, 13500, 14500-ல் யூஹெச்டி 770, எஞ்சின் இரண்டு. மல்டிகேமில் இரண்டு மூன்று ஸ்ட்ரீம் ஒன்றாக ஓடும்போது அந்த இரண்டாவது எஞ்சினின் அருமை தெரியும். பட்ஜெட் ரொம்ப இறுக்கம் என்றால் 12500. கொஞ்சம் தளர்ந்தால் 13500 அல்லது 14500: 6 பெரிய கோர், 8 சின்ன கோர், 20 த்ரெட். நான் எடுத்தது 14500. 13, 14-வது தலைமுறையில் ப்ராசசர்கள் நிலையில்லாமல் போன பிரச்சினைக்கு இன்டெல் 2024-ல் மைக்ரோகோட் திருத்தம் கொடுத்தது. 0x12பி அல்லது அதற்குப் பிந்தையது உள்ள பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) முதலில் ஏற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. பழைய கார்டுதான், 2021-ல் வந்தது. ஆனால் பட்டாலை (வீட்டுக் கூடம்) உள்ளே ராத்திரி எடுத்த காட்சிக்கு டாவின்சியில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் பாருங்கள், 4கே டைம்லைனில் 8 ஜிபி மெமரி எவ்வளவு சீக்கிரம் நிறைகிறது என்று தெரியும். வாங்கும்போது பெட்டியில் 12 ஜிபி, 192 பிட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் கார்டும் விற்கிறது. ஃபோனில் "3060 இருக்கு" என்று சொன்னால் எது என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் பெட்டியின் பின்பக்கப் படம் வாங்கிவிட்டுப் பணம் போடுங்கள்.

இனி கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி. எஃப் இல்லாத ப்ராசசர் வாங்கினால் மட்டும் க்விக் சிங்க் வேலை செய்துவிடாது. ஸ்லாட்டில் தனி கார்டு ஏறியதும் பெரும்பாலான போர்டுகள் உள் கிராஃபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். விண்டோஸில் அது இருப்பதே தெரியாது. "இன்டெல் போட்டும் திணறுது" என்று புலம்புகிற பல சிஸ்டங்களில் நடப்பது இதுதான்.

நான் செய்த வரிசை இப்படி. முதலில் கார்டைப் போடாமல், மானிட்டரை போர்டின் ஹெச்டிஎம்ஐ-யில் செருகி, பயாஸ் அப்டேட், விண்டோஸ், இன்டெல் தளத்திலிருந்து இறக்கிய கிராஃபிக்ஸ் டிரைவர். டிவைஸ் மேனேஜரில் யூஹெச்டி கிராஃபிக்ஸ் 770 என்று பெயர் வர வேண்டும். மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று காட்டினால் டிரைவர் ஏறவில்லை என்று அர்த்தம், அங்கேயே நின்று சரிசெய்யுங்கள். பிறகு அணைத்து, கார்டை ஏற்றி, மானிட்டர் கேபிளை கார்டுக்கு மாற்றி, நேரே பயாஸுக்குள் போக வேண்டும். ஏசஸ் போர்டில் அட்வான்ஸ்டு, சிஸ்டம் ஏஜென்ட், கிராஃபிக்ஸ் கான்ஃபிகரேஷன், அதில் ஐஜிபியு மல்டி-மானிட்டர் என்பதை எனேபிள் செய்ய வேண்டும். எம்எஸ்ஐ-யில் இன்டகிரேட்டட் கிராஃபிக்ஸ் கான்ஃபிகரேஷன் உள்ளே ஐஜிடி மல்டி-மானிட்டர். கிகாபைட்டில் ஐஓ போர்ட்ஸ் பக்கத்தில் இன்டெர்னல் கிராஃபிக்ஸ்: அது ஆட்டோவில் இருக்கும், ஆட்டோ போதாது, எனேபிள் என்றே வைக்க வேண்டும். முதல் டிஸ்ப்ளே எது என்று கேட்கும் இடத்தில் பிசிஐஇ ஸ்லாட்டைக் கொடுங்கள். உள் கிராஃபிக்ஸுக்குத் தனி மானிட்டரோ டம்மி ப்ளக்கோ இப்போது தேவையில்லை, விண்டோஸ் 7 காலத்து வழக்கம் அது.

விண்டோஸ் ஏறியதும் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு தெரிய வேண்டும். பிரீமியரில் ப்ரிஃபரன்சஸ், மீடியா, அங்கே ஹார்ட்வேர் டிகோடிங் வரியில் இன்டெல் டிக் ஆகியிருக்கட்டும், பிறகு பிரீமியரை மூடித் திறக்க வேண்டும். ரெண்டரர் என்விடியாவின் குடாவிலேயே (CUDA) இருக்கட்டும்: பிரிக்கிற வேலை இன்டெலுக்கு, கலரும் எஃபெக்ட்டும் என்விடியாவுக்கு. டாவின்சி ஸ்டுடியோவில் சிஸ்டம் ப்ரிஃபரன்சஸில் டிகோட் ஆப்ஷன்ஸ் பக்கம் போக வேண்டும். எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருள் ஆட்களுக்கு க்விக் சிங்க் பழைய சங்கதி, அவர்கள் பயாஸ் வரை செய்தால் போதும்.

சோதனை இல்லாமல் நம்ப வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் இன்டெல் கிராஃபிக்ஸைத் தேர்ந்து, ஒரு கிராஃபின் தலைப்பைச் சொடுக்கி வீடியோ டிகோட் என்று மாற்றி, 4:2:2 க்ளிப்பை ஓட விடுங்கள். அந்தக் கோடு எழும்ப வேண்டும், சிபியு தாழ்ந்திருக்க வேண்டும். டிகோட் பூஜ்யத்திலும் சிபியு உச்சத்திலும் இருந்தால் எங்கோ அறுந்திருக்கிறது. இன்னொன்று: பிறகு எப்போது பயாஸ் அப்டேட் செய்தாலும் இந்த அமைப்பு பழையபடி ஆட்டோவுக்குப் போய்விடும். ஒருநாள் திடீரென்று திணற ஆரம்பித்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரு ஃபைல் மட்டும் அடங்கவே இல்லை. சோனியில் எக்ஸ்ஏவிசி எஸ், 4:2:2 10 பிட், 25 ஃப்ரேம். டிகோட் கோடு அசையவில்லை. காரணம், எக்ஸ்ஏவிசி எஸ் ஹெச்.264. இந்த இன்டெல் சிப்புகள் 4:2:2-ஐப் பிரிப்பது ஹெச்.265-ல் மட்டும்தான். எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ் என்று கேமராவில் மாற்றினால் ஹெச்.265 கிடைக்கும், ஆனால் ஏ7 IV மாதிரியான கேமராக்களில் பால் (PAL) முறையில் 4கே ஹெச்எஸ்ஸுக்கு 25 ஃப்ரேம் இல்லை, 50-தான். பானசோனிக் ஜிஹெச்5-ன் 4கே 4:2:2-வும் ஹெச்.264-தான். இப்படிப்பட்ட ஃபைல்தான் அதிகம் வருகிறது என்றால் என் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ் கார்டுகள் ஹெச்.264, ஹெச்.265 இரண்டிலும் 4:2:2-ஐப் பிரிக்கின்றன. 5050-ஐ எடுத்து, மெமரி 8 ஜிபி-தான் என்பதை ஏற்றுக்கொண்டு போவது நல்லது. பிரீமியரும் 2025-ல் வந்த பதிப்பாக இருக்க வேண்டும். ஆகவே பார்ட் பட்டியல் போடும் முன் கேமராக்காரரிடம் ஒரு நிஜ க்ளிப்பை வாங்கி, ஃபைல் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்து கோடெக் (ஹெச்.264-ஆ, 265-ஆ), க்ரோமா (4:2:2-ஆ), பிட் டெப்த் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மிச்சச் செலவெல்லாம் அந்த மூன்று வரியைப் பொறுத்தது.

மற்றவை சுருக்கமாக. போர்டு பி760, டிடிஆர்4, நாலு ரேம் ஸ்லாட். ஹெச்610-ல் ப்ராசசரோடு நேரடியாக இணையும் எம்.2 (எஸ்எஸ்டி ஸ்லாட்) கிடையாது, ரேம் ஸ்லாட்டும் இரண்டுதான், அதனால் வேண்டாம். ரேம் 16 ஜிபி இரண்டு. ஒற்றை 32 போட்டால் உள் கிராஃபிக்ஸுக்கும் அதே ரேம்தான் என்பதால் டிகோடும் சேர்ந்து அடி வாங்கும். வேகம் 3200 போதும்: பெயரில் கே இல்லாத ப்ராசசர்களில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கான எஸ்ஏ வோல்டேஜ் பூட்டியிருப்பதால் 3600 கியர் 1-ல் (அந்தப் பகுதி ரேமின் வேகத்திலேயே ஓடும் முறை) நிற்குமா என்பது சிப்புக்குச் சிப்பு மாறும். ரேம் விலைதான் வயிற்றெரிச்சல். 2025 கடைசியில் ஏற ஆரம்பித்தது இந்தப் பட்டியலையே கலைத்துவிட்டது. கூலருக்கும் கேபினட்டுக்கும் வைத்திருந்த பணத்தில் பாதி ரேமுக்குப் போயிற்று.

கூலர், நாலு ஹீட்பைப் டவர். பெட்டியோடு வரும் இன்டெல் ஃபேன் பத்து நிமிட எக்ஸ்போர்ட்டுக்குத் தாங்கும், மூன்று மணி நேரக் கல்யாணத்துக்குத் தாங்காது. பி760 போர்டுகள் பலவும் பவர் லிமிட்டைத் திறந்துவிட்டே வருகின்றன. சித்திரை வெயிலில் மாடி அறையில் வைக்கிற சிஸ்டம் என்றால் பிஎல்1-ஐ (தொடர்ந்து எடுக்கும் மின் அளவு) 95 வாட், பிஎல்2-ஐ (சிறிது நேர உச்சம்) 154 வாட் என்று கட்டிவையுங்கள். எக்ஸ்போர்ட்டை என்விடியா பார்த்துக்கொள்வதால் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, சத்தத்தில் நிறைய வித்தியாசம். முன்பக்கம் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்கவும், பின்னால் ஒன்று வெளியே தள்ளவும் வைத்தால், செம்மண் புழுதி சந்து பொந்து வழியாக நுழையாமல் ஃபில்டரிலேயே நிற்கும்.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 550 வாட், ப்ரான்ஸ் தரம். கார்டு 170, ப்ராசசர் உச்சத்தில் 154, மற்றதெல்லாம் ஒரு 50: போதும். ஆனால் பழைய வீடுகளில் வேலை செய்பவர்கள் முதலில் எர்த் பாருங்கள். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாக கேபினட்டில் சப்ளையில் பாதி அளவு வோல்டேஜ் மிதக்கும். வெறுங்காலோடு ஆத்தங்குடித் தரையில் நின்று தொட்டால் விர்ரென்று இழுக்கும். ஆடியோவில் ஹம், யூஎஸ்பி டிஸ்க் துண்டிப்பு என்று வருகிற புகாரில் பாதி இதனால்தான். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் பின்னால் உள்ள சுவிட்சை யூபிஎஸ் மோடுக்குத் தள்ளுங்கள். மற்ற மோடில் மாறுகிற நேரத்துக்கு எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்காது, சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும். தனி யூபிஎஸ் என்றால் 600 விஏ இந்த லோடுக்கு விளிம்பில் நிற்கும், 1000 விஏ பாருங்கள்.

எங்கே வாங்குவது என்று கேட்பார்கள். ப்ராசசரும் போர்டும் ஒரே கடையில், ஒரே பில்லில், சீரியல் நம்பர் எழுதி வாங்குவது நல்லது. பூட் ஆகாவிட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட முடியாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சொல்கிற விலை பல சமயம் பில் இல்லாத விலை. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து எவ்வளவு என்று கேட்டுவிட்டு மதுரை, திருச்சி விலையோடு ஒப்பிடுங்கள். பல்லவன் எக்ஸ்பிரஸில் போய் வருகிற செலவும் அலைச்சலும் கழித்தால் பெரும்பாலும் மதுரையே சரியாக வரும், வாரன்ட்டிக்குத் தூக்கிப் போகவும் பக்கம். பெட்டி இல்லாமல் வரும் ட்ரே ப்ராசசர் வேண்டாம், பெட்டியோடு வருவதற்குத்தான் இன்டெலின் 3 வருட வாரன்ட்டி.

ஸ்டோரேஜ் இன்னும் பாதியில் நிற்கிறது. விண்டோஸுக்கு 1 டிபி, ஓடுகிற ப்ராஜெக்ட்டுக்கும் கேஷுக்கும் தனியாக 2 டிபி, இரண்டும் டிஎல்சி (ஒரு செல்லில் 3 பிட் வைக்கும்) வகை என்விஎம்இ எஸ்எஸ்டி. க்யூஎல்சி (செல்லுக்கு 4 பிட்) ட்ரைவ்கள் உள் கேஷ் நிறைந்ததும் எழுதும் வேகத்தில் சரிந்துவிடும், முழு கார்டை இறக்குகிற நமக்கு ஒத்துவராது. 200 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 25 எம்பி, மணிக்கு 90 ஜிபி. இரண்டு கேமரா ஐந்து மணி நேரம் ஓடினால் 900 ஜிபி. ஆகவே ஆர்க்கைவுக்கு ஹார்ட் டிஸ்க் இல்லாமல் ஆகாது, அதுதான் இன்னும் வாங்கவில்லை. பாராகுடா 4 டிபி போல மலிவாகக் கிடைப்பவை எஸ்எம்ஆர், அதாவது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் வகை. தொடர்ந்து எழுதினால் பாதி வழியில் நொண்டும். தடங்கள் படியாத சிஎம்ஆர் வகை, 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒன்றுக்கு மதுரையில் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் 400 ஜிபி-யை ஒரே மூச்சில் காப்பி போட்டு, என்ன வேகத்தில் ஆரம்பித்து என்ன வேகத்தில் முடிகிறது என்ற அளவோடு மிச்சத்தை எழுதுகிறேன்.