ஊசி குத்திய ஆறு வாரம்

07.07.2025, திங்கள்

இரவு பத்தரை மணி. சுங்கை சிப்புட் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன். இடது ஆட்காட்டி விரலில் ஒரு சின்னப் புள்ளி. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

இன்று தியேட்டரில் (அறுவை அறையில்) கடைசிக் கேஸ், குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ். துவாரம் போட்டுச் செய்ய முடியாமல் திறந்துதான் செய்தோம். வயிற்றை மூடும் நேரம். டாக்டர் கண்ணை எடுக்காமல் நீடில் ஹோல்டரை (ஊசி பிடிக்கும் இடுக்கியை) பக்கவாட்டில் நீட்டினார். நான் வலது கையால் அடுத்த நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இடது கையை நீட்டி வாங்கினேன். வளைந்த ஊசியின் முனை வெளியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சுருக்கென்றது. கையுறைக்குள் கடுகளவு சிவப்பு.

என்னைப் போல வேறொரு மிஸ்ஸி (நர்ஸ்) கை கழுவி ஸ்க்ரப் செய்து வந்து என் இடத்தில் நின்றார். நான் குழாயடியில் விரலைப் போட்டு அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன். எத்தனையோ ஜூனியர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அமுக்கக் கூடாது, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் காட்டினால் போதும் என்று. தன் விரல் என்றால் பாடம் மறந்துபோகிறது. எங்கள் சிஸ்டர் (மேற்பார்வை நர்ஸ், மலாய்க்காரர், அக்கா என்ற பொருளில் ‘காக்’ என்றுதான் கூப்பிடுவோம்) வந்து கையைத் தட்டிவிட்டார்.

அப்புறம் பாரம் (படிவம்) நிரப்பினேன். என் ரத்தம், நோயாளியின் ரத்தம். நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தால் தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரம் தாண்டுவதற்குள் தொடங்கி, 28 நாள் விழுங்க வேண்டும். அவருக்கு இல்லை என்று இரவே தெரிந்துவிட்டது. மஞ்சள் காமாலையில் பி வகைக்குப் படிக்கும் காலத்திலேயே மூன்று ஊசி போட்டிருக்கிறேன், எதிர்ப்புச் சக்தியும் போதுமான அளவு இருக்கிறது. சி வகைக்குத் தடுப்பூசியே கிடையாது.

அம்மாவிடம் சொல்லவில்லை.

09.07.2025, புதன்

நோயாளிக்கு சி வகையும் இல்லை. ஆனாலும் அவருக்குப் புதிதாகத் தொற்றியிருந்தால் இப்போதைய பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம். அதனால் எனக்கு ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று மூன்று தவணை.

இன்று கேஸ் நடக்கும்போது ஒன்று உறைத்தது. பஞ்சுத் துணியையும் ஊசியையும் கத்தியையும் ஆரம்பத்தில் எண்ணுகிறோம், வயிற்றை மூடுமுன் எண்ணுகிறோம், தோலைத் தைக்கும்போது மறுபடி எண்ணுகிறோம். ஓர் ஊசி குறைந்தால் தரையில் காந்தத்தை உருட்டியாவது தேடுவோம். ஊசி நோயாளிக்குள் போய்விடக் கூடாது, சரிதான். எனக்குள் போனால் ஒரு பாரம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது. மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி அறையை விட்டுப் போகுமுன் என மூன்று கட்டம், 19 அம்சங்கள். அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் அநேகம், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இன்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எங்கள் கையைப் பற்றி ஒரு வரி இல்லை.

13.07.2025, ஞாயிறு

லீவு. பாட்டி விரலைப் பார்த்துவிட்டார். எண்பத்து நாலு வயது, ஆனால் ரப்பர் மரத்து மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) ஒரு சொட்டுப் பால் குறைந்தாலும் கண்டுபிடித்த கண். நடந்ததைச் சொன்னேன்.

“அந்த டாக்டரு கைக்குக் கையா கொடுத்தாரா?”

“ஆமா பாட்டி.”

“கத்தி, ஊசி, உப்பு எதையும் கைக்குக் கை கொடுக்கக் கூடாதுன்னு ஒங்க டாக்டருக்கு வீட்ல சொல்லித் தரலியா? கீழ வைக்கணும், வேணுங்கறவ எடுத்துக்கணும். இல்லேன்னா சண்டைதான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘நியூட்ரல் ஸோன்’ என்று பாடம் நடத்துகிறார்களே, அது இதுதான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கிட்னி டிஷ் (சிறுநீரக வடிவத் தட்டு). கூர்மையானதை ஒருவர் அதில் வைத்துவிட்டு வாயால் சொல்ல வேண்டும், கையை எடுத்த பிறகு மற்றவர் எடுக்க வேண்டும். கூர்மையான ஒன்றை இரண்டு கை ஒரே நேரத்தில் தொடக் கூடாது. பாட்டியின் சமையலறையில் இது காலங்காலமாக நடப்பு.

பாட்டியின் இடது கட்டைவிரலில் பால்வெட்டுக் கத்தி கிழித்த தழும்பு இருக்கிறது. விடியுமுன் தலைவிளக்கோடு வெட்டப் போனவர். கையுறை எல்லாம் கண்ணாலும் கண்டதில்லை. அந்தப் பாலில்தான் கையுறை செய்தார்கள் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்.

அவருக்கு ஒரு கதை சொன்னேன். 1889–90 வாக்கில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்று ஒரு தியேட்டர் மிஸ்ஸி. கிருமி கொல்லும் பாதரசக் கரைசலில் கை வைத்து வைத்துத் தோல் புண்ணாகிவிட்டது. அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் குட்இயர் கம்பெனியில் சொல்லி அவருக்கென்று மெல்லிய ரப்பர் கையுறை செய்வித்தார். 1890இல் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். (பாட்டிக்குப் பிடித்த இடம் அதுதான். “பொறவு?” என்றார்.) நோயாளியைக் கிருமியிலிருந்து காக்கக் கையுறை என்பதெல்லாம் அப்புறம் வந்தது. அங்கே முதல் ஜோடி ஒரு மிஸ்ஸியின் கைக்காகத்தான். அந்த நாளில் இங்கே ரப்பர்த் தோட்டமே இல்லை. பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877இல் வைத்த கன்றுகள் வளர்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று இன்னும் வேலி போட்டு நிற்கிறது.

திங்கட்கிழமை நான் ஒற்றைக் கையுறைதான் போட்டிருந்தேன். இரண்டு போட்டால் விரல் மரத்த மாதிரி இருக்கிறது என்று ஒரு சாக்கு. உள்ளே பச்சை, மேலே வெள்ளை போட்டால் மேலே ஓட்டை விழுந்து ஈரம் புகுந்ததும் பச்சைப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். குத்தினாலும் ஊசியில் ஒட்டிய ரத்தத்தில் கொஞ்சத்தை அந்த இரண்டு அடுக்கு துடைத்துவிடும்.

16.07.2025, புதன்

மோட்டார் சைக்கிள் விபத்து, தொடை எலும்பு. எக்ஸ்ரே எடுத்தபடியே கம்பி போட்டார்கள். ஈய ஏப்ரன் ஆறேழு கிலோ, நாலு மணி நேரம். முதுகு விண்ணென்கிறது. முடிந்ததும் ஜூனியர் பெண் அதை மடித்து நாற்காலியில் போட்டாள். மடித்தால் உள்ளே ஈயம் விரிசல் விடும், வெளியே தெரியாது. கொக்கியில் மாட்ட வைத்தேன். இன்னொன்றும் சொன்னேன்: படம் எடுக்கும்போது தூரத்தை இரட்டிப்பாக்கினால் கதிர் கால்வாசி. ஏப்ரனை நம்பி ஒட்டி நிற்காதே.

18.07.2025, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. கோயிலில் கூழ் ஊற்றினார்களாம். எனக்குச் சாம்பிராணிப் புகைக்குப் பதில் டயத்தர்மிப் புகை.

மார்பகக் கட்டி, இரண்டரை மணி நேரம். மின்சாரக் கத்தி சதையைத் தொடும் இடத்திலெல்லாம் நீலமாய் ஒரு நூல் எழும்பும். தலைமுடி கருகும் வாடை. அதில் பென்சீன், பார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு எல்லாம் கலந்திருக்கிறது. நாங்கள் போடும் சாதா மாஸ்க் அந்தத் துகளைத் தடுக்காது. உறிஞ்சும் கருவி இருக்கிறது, அதன் வாய் புகை வரும் இடத்திலிருந்து 5 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் பலன். எங்கள் தியேட்டரில் அது மூலையில் துணி போர்த்தி நிற்கிறது. சத்தம் போடுகிறதாம். அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலம் இந்தப் புகையை அகற்ற வேண்டும் என்று 2018இல் சட்டமே போட்டது.

தலைக்கு இரண்டு தரம் ஷாம்பு போட்டும் வாடை போகவில்லை. அம்மா, “என்ன கருகல் வாடை?” என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஊசி உட்பட. திட்டு நிச்சயம் என்று நினைத்தேன். பேசாமல் போய் மைலோ கலக்கிக்கொண்டு வந்தார்.

28.07.2025, திங்கள்

கூட்டம். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது என்று விளக்கினார்கள். உடனடி ஆபத்து என்றால் தொழிலாளி விலகிப் போகலாமாம். நல்ல உரிமை. வயிறு திறந்து கிடக்க, நான் எங்கே விலகிப் போவது?

காக் நடுத்தட்டு விஷயத்தை, அதாவது கூர்மையானதைக் கைக்குக் கை கொடுக்காமல் நடுவில் டிஷ் வைப்பதை, எடுத்தார். ஒரு கேஸுக்கு எத்தனை நிமிடம் வீணாகும் என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன், பாரம் நிரப்ப எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது என்றேன். ஒரு மாதம் செய்து பார்ப்போம் என்று முடிந்தது. புகைக் கருவி அடுத்த கூட்டத்துக்கு.

18.08.2025, திங்கள்

ஆறாவது வாரம். எல்லாம் நெகட்டிவ். பாட்டி மாரியம்மனுக்கு எலுமிச்சை மாலை போடச் சொல்லியிருக்கிறார்.

நடுத்தட்டு இன்னும் தகராறுதான். முதல் வாரம் டிஷ் வழுக்கிக் கீழே விழுந்தது. இப்போது ஈரத்துணி விரித்து அதன்மேல் வைக்கிறோம். இன்றும் டாக்டர் இரண்டு தரம் கையில் நீட்டினார். நான் வாங்கவில்லை. டிஷ்ஷை அவர் கைக்குக் கீழே நகர்த்தினேன். மூன்றாம் தரம் நிமிராமலே தடவிப் பார்த்து அதில் போட்டார். டங்கென்றது. “ஊசி” என்றார், கொஞ்சம் எரிச்சலாக.

எடுத்துக்கொண்டேன். அடுத்த ரத்தம் அக்டோபர் 7.