பல் சரியான பிறகு வலித்த தாடை

கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டபோது, ஒரே அமர்வில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தேன். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்ததால் பல்லில் வலி தெரியவில்லை. அன்று இரவும் பெரிய தொந்தரவு ஏதுமில்லை. மறுநாள் காலையில் பல் துலக்க முயன்றபோதுதான் வாய் பாதிக்கு மேல் திறக்கவில்லை என்பதை உணர்ந்தேன். காதுக்கு முன்னால் ஓர் இறுக்கமும், கன்னத்தில் அடிபட்டது போன்ற வலியும், பொட்டில் விட்டுவிட்டு வரும் குத்தலும் இருந்தன. வேருக்கடியில் சீழ் பிடித்துவிட்டது என்றே முதலில் பயந்தேன். அந்தப் பயத்தில் இரண்டு நாள் கழிந்தது. அப்படி இரண்டு நாள் இன்னொருவருக்கு வர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் பல் மருத்துவரிடம் திரும்பிச் சென்றேன். அவர் கருவியின் பிடியால் அந்தப் பல்லை மெதுவாகத் தட்டிப் பார்த்தார். லேசான கூச்சத்தைத் தவிர வேறொன்றுமில்லை. பிறகு பற்களைக் கடிக்கச் சொல்லி, தாடையின் கோணத்துக்குச் சற்று மேலே, கடிக்கும்போது புடைக்கும் அந்தக் கன்னத் தசையை விரலால் அழுத்தினார். இரண்டு நாளாக நான் பல்லில் தேடிக்கொண்டிருந்த வலி அங்கே இருந்தது. பொட்டில் குத்தியதும் காதுக்குள் வலிப்பதுபோல் இருந்ததும் அதே தசையிலிருந்தும் அதன் பின்னாலுள்ள மூட்டிலிருந்தும் கிளம்பியவைதான் என்று அவர் விளக்கினார். தாடை மூட்டு காதுத் துளைக்கு நேர் முன்னால் இருப்பதால், அதன் வலியைக் காது வலி என்று எண்ணிக் காது மருத்துவரிடம் செல்பவர்கள் பலர். முன்பற்களுக்கிடையே அளவுகோலை வைத்து அளந்தபோது என் வாய் 27 மில்லிமீட்டர்தான் திறந்தது. வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக இது 40 மில்லிமீட்டருக்குக் குறையாது. அளவுகோல் இல்லாதவர்கள், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கிடையே வைக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

தாடை மூட்டைக் கதவின் கீல் போன்றது என்று நான் நினைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை. வாய் திறக்கும் முதல் 20 அல்லது 25 மில்லிமீட்டர் வரைதான் கீழ்த்தாடை எலும்பின் உருண்டைத் தலை தன் குழிக்குள்ளேயே சுழல்கிறது. அதற்கு மேல் திறக்கும்போது, அந்தத் தலை குழியை விட்டு முன்னால் நகர்ந்து, அங்குள்ள எலும்பு மேட்டின் சரிவில் இறங்குகிறது. தலைக்கும் குழிக்கும் இடையில் ஒரு மெல்லிய வட்டு மெத்தைபோல் இருந்து அதனுடன் சேர்ந்தே நகர்கிறது. கொட்டாவி விடும்போது சில நொடிகள் மட்டுமே நிகழும் இந்த நிலையை, நீண்ட சிகிச்சையில் நாம் நிமிடக்கணக்கில், சில வேளைகளில் மணிக்கணக்கில், தாங்கிக்கொண்டிருக்கிறோம். அவ்வளவு நேரமும் வாயை மூடுவதற்கான தசைகள் இழுபட்டே இருக்கின்றன. கீழ்ப் பற்களில் வேலை நடந்தால், மருத்துவரின் கையும் கருவியும் தாடையைக் கீழே அழுத்துவதும் சேர்ந்துகொள்கிறது. ஞானப்பல் பிடுங்கும்போது இந்த அழுத்தம் இன்னும் அதிகம். தாடையைக் கீழிருந்து ஒரு கையால் தாங்கிப் பிடிப்பது அதனால்தான். பயத்தில் இறுகும் கழுத்தும் தோளும் இந்தச் சுமையைக் கூட்டுகின்றன.

ஊசியும் ஒரு காரணமாகலாம். கீழ்க் கடைவாய்ப் பற்களை மரக்கச் செய்ய, வாயின் பின்பகுதியில், தாடையின் உட்புறத்தில் ஊசி செலுத்துகிறார்கள். அது செல்லும் வழியை ஒட்டி மெல்லுவதற்கு உதவும் தசை ஒன்று இருக்கிறது. ஊசி முனை அதில் பட்டாலோ, உள்ளே சிறிது இரத்தம் கசிந்தாலோ, அந்தத் தசை இறுகி வாயைத் திறக்கவிடாது. மருத்துவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இது நேரக்கூடும். உடனே தெரியாமல் ஓரிரு நாள் கழித்து வெளிப்படுவதும் உண்டு.

என் விஷயத்தில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. பல்லின் மேல் வைத்த தற்காலிக அடைப்பு மயிரிழை அளவு உயர்ந்திருந்தது. மரத்த வாயோடு கடித்துப் பார்த்தபோது அது எனக்குத் தெரியவில்லை. வண்ணத் தாளைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொன்னபோது அந்த அடைப்பின் மேல் மட்டும் அழுத்தமான கறை பதிந்தது. அதை லேசாகத் தேய்த்துச் சரிசெய்தார். சிகிச்சைக்குப் பிறகு ஒரு பல் மட்டும் முந்திக்கொண்டு கடிபடுவதாகத் தோன்றினால், பழகிவிடும் என்று காத்திருக்காமல் திரும்பிப் போய்க் காட்டுவது நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியவை எளிமையானவை, ஆனால் பொறுமை வேண்டும். முதல் ஓரிரு நாள் குளிர்ந்த ஒத்தடம், பிறகு ஈரத் துணியால் இதமான சூட்டில் 15 அல்லது 20 நிமிட ஒத்தடம்; மெல்ல அதிகம் வேலை வைக்காத உணவு; கொட்டாவி வரும்போது மோவாயைக் கையால் தாங்கிக்கொள்வது. உதடுகள் மூடியிருக்க, மேற்பற்களும் கீழ்ப்பற்களும் தொடாமல் இருப்பதுதான் தாடைக்கு ஓய்வு நிலை என்பதை அப்போதுதான் அறிந்தேன். கவனித்தபோது, பகல் முழுவதும் நான் பற்களைக் கடித்தபடியே இருந்தேன். வாய் எவ்வளவு திறக்கிறது என்று மணிக்கொரு முறை முயன்று பார்த்ததும் வலியை வளர்த்திருக்கிறது. இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை உதவும் என்றாலும், வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை எடுக்கக் கூடாது. கடுமை தணிந்த பிறகு, வலிக்காத அளவுக்கு மெதுவாகத் திறந்து மூடும் பயிற்சியைச் செய்யச் சொன்னார்கள்.

பெரும்பாலானோருக்கு இந்த வலி சில நாட்களிலோ சில வாரங்களிலோ தணிந்துவிடும். ஆனால் காய்ச்சல், வீக்கம், விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும், திறப்பு நாளுக்கு நாள் குறைந்தாலும், அது தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். அதை வெறும் தசை வலி என்று ஒதுக்காமல் உடனே காட்ட வேண்டும். திறந்த வாய் மூட முடியாமல் நின்றுவிட்டால் மூட்டு நழுவியிருக்கிறது என்று பொருள். அதற்கும் தாமதம் கூடாது.

அடுத்த அமர்வுக்குப் போனபோது, என்னை வருத்தியதை முன்கூட்டியே சொன்னேன். மருத்துவர் வேலையை இரண்டு குறுகிய அமர்வுகளாகப் பிரித்தார். மறுபக்கக் கடைவாய்ப் பற்களுக்கிடையே ஒரு சிறிய ரப்பர் முட்டு வைத்தார். வாயைத் திறந்து வைத்திருக்கும் உழைப்பைத் தசைகளிடமிருந்து அது எடுத்துக்கொண்டது. முட்டு அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் அதுவே மூட்டை வருத்தும் என்று சொல்லி, சிறிய அளவையே தேர்ந்தார். ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வாயை மூடி ஓய்வெடுக்கச் சொன்னார். நான் இடக்கையை உயர்த்தினால் எந்த நேரத்திலும் நிறுத்துவதாகவும் ஒப்புக்கொண்டார். முதல் முறை தாடை வலித்தபோது ஒன்றும் சொல்லாமல் பொறுத்திருந்தேன். நடுவில் நிறுத்தச் சொன்னால் சிகிச்சை கெட்டுவிடும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. இந்த முறை நான்கு தடவை கையை உயர்த்தினேன். சிகிச்சைக்கு ஒரு குறையும் வரவில்லை.

மூன்று வாரத்துக்குப் பிறகு அளந்தபோது வாய் 43 மில்லிமீட்டர் திறந்தது. அகலத் திறக்கும்போது வலப்பக்க மூட்டில் ஒரு சொடுக்குச் சத்தம் இப்போதும் கேட்கிறது. வலியும் தடையும் இல்லாத வரை அதற்குச் சிகிச்சை வேண்டாம் என்றார் மருத்துவர். நானும் அதைச் சோதித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.