நடத்தை மருத்துவத்தைத் துணைப்பாடமாக எடுத்தவளின் அலைச்சல்

ஊட்டச்சத்தியல் இளநிலைப் பட்டத்துடன், நடத்தை மருத்துவமும் உடல்நல மீள்திறனும் என்ற பாடத்தை மைனராக எடுத்துப் படித்து, ஒருவழியாகச் சென்ற மாதம் முடித்தேன். வீட்டில் இதை முதன்முதலில் சொன்னபோது, “பொட்டப்புள்ள மைனரா என்ன கண்ணு படிக்கப் போற?” என்று என் தாத்தா சிரித்தார். அவருக்குத் தெரிந்த மைனர் புலிநகச் சங்கிலி அணிந்து திருவிழாவில் சுற்றுகிறவர். எனவே இங்கும் துணைப்பாடம் என்றே எழுதுகிறேன். அன்றாடப் பழக்கங்களும் நடத்தையும் நோயையும் சிகிச்சையையும் எப்படிப் பாதிக்கின்றன என்று பார்ப்பது நடத்தை மருத்துவம்; கஷ்டத்திலிருந்து மீண்டெழும் திறனே மீள்திறன். பாடங்களைப் பற்றிப் புலம்புவதற்கு எதுவும் இல்லை. அந்தப் பாடத்தின் இறுதியில் வந்த நான்கு கிரெடிட் களத்திட்டம்தான், இரண்டு முறை வெறுங்கையுடனும் ஒரு முறை செல்லாத தாள்களுடனும் என்னை ஏற்காட்டு மலையிலிருந்து கீழே இறக்கியது. இனி எடுக்கப் போகிறவர்களுக்காக, தவறிய இடங்களை மட்டும் விரிவாக எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்க வேண்டாம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்குரிய 120 கிரெடிட்டுகளில் துணைப்பாடத்துக்கு 24 ஒதுக்கப்பட்டுள்ளது. எங்கள் பல்கலைக்கழகமும் அந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகிறது. உடல்நல உளவியல் என்ற தாள் என் முதன்மைப் பாடத்திலும் இருந்தது, துணைப்பாடப் பட்டியலிலும் இருந்தது; ஒரு முறை எழுதித் தேறினால் இரண்டிலும் கணக்கில் வரும் என்று நான்காம் பருவம் வரை நம்பியிருந்தேன். ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்தில் பிரிவு அலுவலகத்தில் விசாரித்தபோதுதான், ஒரு தாளின் கிரெடிட்டை ஓரிடத்தில் மட்டுமே சேர்ப்பார்கள் என்றும், எனக்கு நான்கு கிரெடிட் குறைகிறது என்றும் தெரிந்தது. “ரெண்டு வருஷமா இதை ஏன் யாரும் சொல்லலை சார்?” என்று கேட்டதற்கு, “நீங்க கேக்கவே இல்லையேம்மா” என்ற பதில் வந்தது, அதற்குமேல் அங்கே நிற்க எனக்குப் பொறுமை இல்லை. அந்த நான்கு கிரெடிட்டுக்காக ஒரு கூடுதல் தாளைச் சனிக்கிழமைகளில் படித்தேன். இரண்டாம் பருவத்திலேயே இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, பொதுவாக உள்ள தாள்களுக்கு மாற்று எது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

வகுப்புகள் இனிமையாகவே சென்றன. உயிரியல், உளம், சமூகம் மூன்றையும் சேர்த்தே நோயைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கெல் 1977-இல் வாதிட்ட கட்டுரை, அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் இத்துறையை வரையறுக்க நடந்த மாநாடு, ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய்த் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த உளவியலாளர் எம்மி வெர்னரின் மீள்திறன் ஆய்வு ஆகியவை எல்லாப் பாடத்திட்டத்திலும் இருப்பவைதாம். என் மனத்தில் தங்கியது, 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் காசநோய்க்கு இலவச எக்ஸ்ரே வண்டியை மக்கள் குடியிருக்கும் பகுதிக்கே கொண்டுபோய் நிறுத்தியும் கூட்டம் வராததால், ஏன் வரவில்லை என்று ஆராயப் புகுந்த கதை. நோயின் ஆபத்தையும் சிகிச்சையின் பயனையும் ஒருவர் எப்படி நம்புகிறார் என்பதை வைத்து அவர் நடத்தையை விளக்கும் ‘உடல்நல நம்பிக்கை மாதிரி’ (Health Belief Model) என்ற கோட்பாடு பிறந்தது அங்கேதான். அதைத் தேர்வுக்காகப் படித்தபோது, ஆறு மாதம் கழித்து நானும் ஓர் ஆளில்லாத ஊரில் தாள்கட்டுடன் நிற்பேன் என்று நினைக்கவில்லை.

என் திட்டம் எளியது: ஏற்காட்டுப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை உட்கொள்ளும் முப்பது பேரைச் சந்தித்து, எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போகிறது, ஏன் விட்டுப்போகிறது, அவர்களின் மீள்திறன் எப்படியிருக்கிறது என்று கேட்பது. முதல் தடை வினாத்தாளிலேயே வந்தது. மாத்திரை ஒழுங்கை அளக்க எல்லோரும் கையாளும் எட்டு வினா மொரிஸ்கி அளவுகோலை இணையத்திலிருந்து எடுத்துத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அதற்கு உரிமம் பெற வேண்டும் என்றும், அனுமதியின்றிப் பயன்படுத்தியதால் திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளே உண்டு என்றும் வழிகாட்டிப் பேராசிரியர் சொன்ன நாளில் என் ஒரு மாத உழைப்பு குப்பைக்குப் போனது. 2003-இல் வெளியான கானர்–டேவிட்சன் மீள்திறன் அளவுகோலுக்கும் அனுமதியும் கட்டணமும் தேவை. கடைசியில், கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் விட்டுப்போனது என்ற நேரடிக் கேள்வியும், மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பதும், 2008-இல் வெளியான ஆறு கூற்றுகள் கொண்ட சுருக்க மீள்திறன் அளவுகோலும் போதும் என்று முடிவாயிற்று.

அந்த ஆறு கூற்றுகளைத் தமிழாக்குவதை ஒரு மாலை வேலை என்று எண்ணினேன். மூன்று வாரம் பிடித்தது. ஆறில் மூன்று கூற்றுகள் எதிர்மறையானவை. அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். “கஷ்டத்திலிருந்து மீள்வது எனக்குச் சிரமம்” என்பது போன்ற கூற்றை வாசித்து, உடன்படுகிறீர்களா, உடன்படவில்லையா என்று மலையடிவாரத்தில் உள்ள எங்கள் ஊரான கன்னங்குறிச்சியில் அடுத்த வீட்டுப் பாட்டியிடம் சோதித்தபோது, “ஆமாங் கண்ணு, சிரமமே இல்லைன்னு ஆரு சொல்லுவா, அதுக்காக எந்திரிக்காம இருக்க முடியுமா?” என்றார். அந்த விடையை, ‘கொஞ்சமும் உடன்படவில்லை’ முதல் ‘முழுதும் உடன்படுகிறேன்’ வரையிலான ஐந்து கட்டங்களில் எதில் குறிப்பது? கட்டங்களைக் கைவிட்டு, சிறியதிலிருந்து பெரியதுவரை ஐந்து காப்பிக் குவளைகளை வரைந்து, எந்தக் குவளை என்று விரலால் தொடச் சொன்ன பிறகே விடைகள் ஒழுங்காக வந்தன. இந்த மாற்றத்தையும் அறிக்கையில் எழுத வேண்டும்; மறைத்தால் வாய்மொழித் தேர்வில் மாட்டுவீர்கள்.

அடுத்தது, மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, என்னுடையது போன்ற ஆபத்துக் குறைந்த நேர்காணல் ஆய்வை முழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோகாமல் விரைவுப் பரிசீலனையில் முடிக்க வழியுண்டு. ஆனால் அதற்கும் விண்ணப்பம் முழுமையாக இருக்க வேண்டும். ஜூலையில் கொடுத்த என் கட்டில் வழிகாட்டியின் கையொப்பமிட்ட சுயவிவரம் இல்லை. வாங்கிக்கொண்ட எழுத்தர் அன்றே அதைக் கவனித்திருக்கிறார், வாய் திறக்கவில்லை. மூன்று வாரம் கழித்து நானாகப் போய்க் கேட்டபோது, மேசையின் ஓரத்தில் அதே கட்டு, அதே ரப்பர் வளையத்துடன் இருந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. தாள்களைக் கொடுக்கும்போது சரிபார்ப்புப் பட்டியலை அவர் முன்னாலேயே விரித்து, ஒவ்வொன்றாகக் குறியிட்டு, கீழே தேதியுடன் ஒரு கையெழுத்து கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், ஆனால் போடுவார்கள்.

குழுவுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் மருத்துவம் சாராத பொது உறுப்பினராக இருந்த ஓர் அம்மையார், “மாத்திரையை விட்டுட்டோம்னு உங்ககிட்ட சொன்னா, அது ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சு அவங்களைத் திட்டுவாங்களோன்னு பயப்படமாட்டாங்களா?” என்று கேட்டார். பேராசிரியர் உட்பட எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. ஒப்புதல் படிவத்தின் முதல் வரியே அதற்கான பதிலாக மாறியது.

செப்டம்பர் இறுதியில் ஒப்புதல் கிடைத்தது. மலையேறும் படலம் அக்டோபரில் தொடங்கியது. மலைமேல் உள்ள ஒரு சுகாதார நிலையத்தைத் தொலைபேசியில் கேட்டபோது, “வாங்க, பாத்துக்கலாம்” என்றார்கள். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டது என் பிழை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கடந்து போய்ச் சேர்ந்தால், துறைத்தலைவரின் கடிதம் அந்நிலைய மருத்துவர் பெயருக்கு இருப்பது போதாது, கீழே மாவட்ட அளவிலான சுகாதார அதிகாரியிடமிருந்து அனுமதி வர வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னது விதிப்படி சரிதான். தொலைபேசியில் சொல்லியிருந்தால் ஒரு நாளும் ஒரு வகுப்புத் தேர்வும் மிஞ்சியிருக்கும். கீழிருந்து அந்தக் கடிதம் வர ஐந்து வாரம் ஆயிற்று.

இரண்டாம் பயணம் டிசம்பரில். எல்லாத் தாள்களும் கையில் இருந்தன, ஊரில்தான் ஆளில்லை. காலை பத்தரை மணிக்கு ஒரு முதியவரும் இரண்டு நாய்களும் தவிர வீடுகள் பூட்டிக் கிடந்தன. டிசம்பர் என்றால் காப்பிப் பழம் பறிக்கும் காலம், நடக்க முடிந்த எல்லோரும் எஸ்டேட்டில் இருப்பார்கள் என்பது மலையடிவாரத்தில் வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர் ஒருவரை வழியில் பார்த்தேன். நான் நின்ற கோலத்தைப் பார்த்து, “நானே விடியறதுக்கு முன்னாடி இல்லாட்டி பொழுது சாஞ்ச பொறவுதான் மாத்திரை குடுக்கறேன், நீங்க பத்து மணிக்கு வந்தா எப்படீங்க?” என்றார். அன்று நான் சேகரித்த ஒரே தரவு அதுதான். ஆனால் என் அறிக்கையின் அச்சாணியும் அதுவே ஆயிற்று: மருந்தின் அருமை தெரியாததால் மாத்திரையை விட்டவர்கள் மிகச் சிலர், ஒரு நாள் கூலியை இழந்து, முற்பகலில் மட்டும் நடக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கு வர முடியாததால் மாத்திரை தீர்ந்துபோனவர்களே அதிகம்.

மூன்றாம் முறை, வார விடுமுறை நாளில் அதிகாலையிலேயே போய்ப் பதினொரு பேரிடம் பேசினோம். அவர்களில் ஏழு பேர் கைநாட்டு வைத்தார்கள். சாட்சிக் கையெழுத்தை உடன் வந்த தோழி போட்டாள். இறங்கி வந்து காட்டியபோது, வாசிக்கத் தெரியாதவரின் ஒப்புதலுக்குச் சாட்சி ஆய்வுக் குழுவைச் சாராதவராக இருக்க வேண்டும் என்று சொல்லி, ஏழையும் பேராசிரியர் தனியே எடுத்து வைத்துவிட்டார். அந்த விதி நானே சமர்ப்பித்த விண்ணப்பத்தில் எட்டாம் பக்கத்தில் இருந்தது என்பதுதான் வேதனை. அடுத்த முறை அவ்வூரிலேயே குடியிருக்கும் அங்கன்வாடி ஊழியரைச் சாட்சியாக அமர்த்தி, அந்த ஏழு பேரிடமும் முதலிலிருந்து தொடங்கினோம்.

அப்படி மறுபடி பார்த்த ஏழு பேரில் ஒருவர், ஐம்பது வயதைக் கடந்த அம்மா. இரத்த அழுத்த மாத்திரை வாரத்தில் நான்கு நாள் மறந்துபோகிறது என்று முதல் முறை சொன்னவர். ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பது பற்றி உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் எழுதியதை வகுப்பில் படித்திருந்ததால், விடியற்காலையில் தவறாமல் என்ன செய்வீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டிருந்தேன். “வேறென்ன, காப்பி வைப்பேன்” என்றார். இரண்டாம் முறை போனபோது மாத்திரை அட்டை காப்பித்தூள் டப்பாவின் மூடிமேல் ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்தது. நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை; ஆய்வின்படி சொல்லவும் கூடாது. என் கேள்வியே அவரை மாற்றியிருக்கலாம் என்பதால், அவருடைய இரண்டாவது விடையைத் தனிக் குறிப்புடன்தான் சேர்க்க முடிந்தது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் மிக நீண்ட நேரம் கேட்டது அந்தக் குறிப்பைப் பற்றித்தான்.

முப்பது பேருக்குப் பதிலாக இருபத்து மூன்று பேருடன் அறிக்கையைக் கொடுத்தேன். காரணங்களை மறைக்காமல் எழுதியதால் ஏற்றுக்கொண்டார்கள். மதிப்பெண் பட்டியல் போன வாரம் வந்தது. 24 கிரெடிட்டும் சரியாக இருக்கின்றன. துணைப்பாடத்தின் பெயரில் மட்டும், நடத்தை மருத்துவம் என்று இருக்க வேண்டிய இடத்தில் நடத்தை மேலாண்மை என்று அச்சாகியிருக்கிறது. திருத்த விண்ணப்பத்தைச் சரிபார்ப்புப் பட்டியலுடன் அதே எழுத்தரிடம் கொடுத்திருக்கிறேன். இம்முறை நான் கேட்பதற்கு முன்பே தேதியுடன் கையெழுத்துப் போட்டார்.