சாதிச் சான்றிதழும் லெந்து நாட்களும்

5 மார்ச் 2025, சாம்பல் புதன்

லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், முடியும்வரை குடும்ப ஜெபத்தின்போது எல்லாருடைய போனும் அரிசி டப்பா மேல் இருக்கணும் என்று ஏற்பாடு. முதல் நாளே என் வீட்டுக்காரருடைய போன் அங்கிருந்து கத்தியது, பாதி ஜெபத்தில் எழுந்து போனார். மகள் மட்டும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தாள், அரைத்தூக்கத்தில். +2 பரீட்சை நடக்கிறது, பாவம்.

14 மார்ச்

கொழுந்தன் வந்திருந்தார். கலந்தாய்வுக்கு மகளின் சாதிச் சான்றிதழ் வேண்டும், அதுதான் பேச்சு. "மதினி, இந்துன்னு போட்ருங்க. பேப்பர்லதானே? சர்ச்சுக்குப் போவ வேண்டாம்னு யாரு சொன்னா?" வி.ஏ.ஓ. விசாரிக்க வரும்போது பைபிள் வசனக் காலண்டரைக் கழற்றி வைத்தால் போதுமாம். அவர் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வாங்கினார்.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்து மதத்தோடு சேர்த்துக் கட்டியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவர்களான எங்களுக்கு இன்னும் இல்லை. எந்தத் தலைமுறையில் மதம் மாறியிருந்தாலும் தமிழ்நாட்டில் நாங்கள் பி.சி.தான். 26.5 சதவீதத்துக்குள் முட்டி மோதணும்; கட்-ஆஃப் எஸ்.சி.யைவிட ஏறித்தான் நிற்கும். தாத்தா ஞானஸ்நானம் எடுத்ததோடு சாதி போய்விட்டது என்பது அரசாங்கக் கணக்கு. ஊரில் யாரும் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. சபைக்குள்ளும்தான், அதைத் தனியாக எழுதணும்.

கொழுந்தனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கொத்தனார் வேலை, மூன்று பிள்ளைகள். ஆனால் அந்தக் காலண்டரைக் கழற்ற என் கை போகாது.

23 மார்ச்

ஐயர், எங்கள் சபைப் போதகர், சிங்கங்களின் குகையில் போடப்பட்ட தானியேலைப் பற்றிப் பிரசங்கித்தார். சிங்கக்கெபி என்றதும் எனக்குத் தாலுகா ஆபீஸ்தான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் சென்னைக்கும் மும்பைக்கும் மேட்ச். ஜெபக்கூட்டத்தில் வாலிபர் ஒருவரையும் காணோம்.

2 ஏப்ரல்

இ-சேவை மையத்தில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று: கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர். போகும் வழியில் அவர், போன நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொன்னார். புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கு. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சாசனத்துக்குச் செய்யும் மோசடி என்றார்களாம். "நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். மாட்டிக்கொள்வோம் என்று பயந்து உண்மையை எழுதுவதா? எனக்கு அது பிடிக்கவில்லை. நான் எழுதியது அதற்காக இல்லை என்று சொன்னேன். பதில் சொல்லாமல் வண்டியை ஓட்டினார்.

8 மே

ரிசல்ட் வந்துவிட்டது, நல்ல மார்க். நினைத்த கல்லூரி கிடைப்பது சந்தேகம்தான். மகள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "எஸ்.சி.ன்னா கிடைச்சிருக்கும்லம்மா" என்றாள். ஆமா என்றேன். வேறு என்ன சொல்ல? கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், அப்புறம் வேறு கல்லூரிகளைத் தேட ஆரம்பித்தாள்.

ராத்திரி கொழுந்தன் போன். மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் மாநில அரசின் உதவித்தொகை உண்டு, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். திங்கட்கிழமை திரும்பவும் இ-சேவை மையம்.